பசிக்கவில்லை என்றாள் அந்தப் பெண்!

1684-ம் வருடம், ஜூலை மாதம். லண்டன் நகரில் செயின்ட் மேரி ஆக்ஸ் என்று ஒரு தெரு. அங்கே வசித்த ட்யூக் என்பவரின் பதினெட்டு வயது மகளுக்குத் திடீரென மாதவிலக்கு நின்றுபோனது. அத்தோடு சாப்பாட்டின் மேலிருந்த ஆசையும் போனது. ஆனால், படிப்பில் மட்டும் அப்படியொரு வெறி! ராத்திரி, குளிர் என்று எதையும் பொருட்படுத்தாமல் புத்தகமும் கையுமாகவே கிடந்தாள். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. மருந்து என்றாலே அவளுக்கு வெறுப்பு. முழுசாக இரண்டு வருடங்கள் தன் உடம்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடிக்கடி மயக்கம் போட்டு விழ ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் வந்தாள்.

அந்த டாக்டரின் பெயர் ரிச்சர்ட் மார்ட்டன். மதபோதகராக இருந்து மருத்துவத்துக்கு மாறியவர். அந்தக் காலத்தில் யாராவது எலும்பும் தோலுமாக வந்து நின்றால், டாக்டர்கள் மனசில் ஓடும் முதல் வார்த்தை - க்ஷயரோகம்! மார்ட்டன் அந்த நோயில் நிபுணர். அதனால் அவரும் அதைத்தான் தேடினார். இருமலா? இல்லை. ஜுரமா? இல்லை. மூச்சுத் திணறலா? ம்ஹூம்! ஆனால், உயிரோடு இருக்கும் ஒரு மனுஷி இந்த அளவுக்கு இளைத்துப் போய்த் தன் வைத்திய வாழ்க்கையில் அவர் பார்த்ததே இல்லை!

தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தார் மார்ட்டன். கசப்பு மருந்துகள், இரும்புச் சத்து மருந்து, வயிற்றின் மேல் வாசனைப் பொருட்களை வைத்துக் கட்டிய பை... கொஞ்சம் தேறினாள். ஆனால், சீக்கிரமே அவளுக்கு மருந்து சலித்துவிட்டது. ‘எல்லாவற்றையும் இயற்கையிடமே விட்டுவிடுங்கள்’ என்று கெஞ்சினாள். விட்டார்கள். மூன்றே மாதங்களில், மயக்கமாகி விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

1689-ல், காசநோய் பற்றித் தான் எழுதிய பெரிய லத்தீன் புத்தகத்தில் மார்ட்டன் இந்தப் பெண்ணின் கதையைச் சேர்த்தார். கூடவே இன்னொரு கேஸ் - ஒரு பாதிரியாரின் பதினாறு வயது மகன். அவனுக்கும் அதே இளைப்பு. ‘படிப்பை மூட்டைகட்டி வை. கிராமத்துக்குப் போ. குதிரைச் சவாரி செய். பால் குடி’ என்று அனுப்பினார். பையன் பெருமளவு தேறிவிட்டான்! இந்த நோய் நுரையீரலிலிருந்து வரவில்லை, மனக்கவலையிலிருந்து வருகிறது என்று கணித்தார் மார்ட்டன்.

இன்றைக்கு ‘அனோரெக்ஸியா நெர்வோஸா’ என்று டாக்டர்கள் அழைக்கும் நோயைப் பற்றிய முதல் தெளிவான மருத்துவக் குறிப்பு இதுதான் என்கிறார்கள். ‘பொம்பளைப் பசங்க சமாச்சாரம்’ என்று நாம் இன்றைக்கும் ஒதுக்கித் தள்ளுகிற நோயின் முதல் குறிப்பிலேயே ஓர் ஆண் பிள்ளை இருக்கிறான் என்பதை மனசில் குறித்துக்கொள்ளுங்கள்!

*

உடனே ஒரு கேள்வி வரும். சாப்பிடாமல் இருப்பது ஒரு வியாதியா? எத்தனையோ மதங்களில் உண்ணாவிரதம் இருக்கிறதே?

உண்மைதான். பதினான்காம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த புனித கேத்தரின், ஏறக்குறைய எதையுமே சாப்பிடாமல் இருந்து 1380-ல் தன் முப்பத்துமூன்றாவது வயதில் இறந்துபோனார். அவரையும் அவரைப் போன்ற இத்தாலியத் துறவிப் பெண்களையும் ஆராய்ந்த ரூடால்ஃப் பெல் என்கிற அமெரிக்க சரித்திர ஆசிரியர், 1985-ல் ‘புனித அனோரெக்ஸியா’ என்று ஒரு புத்தகமே எழுதினார். ‘கடவுளுக்காகப் பட்டினி கிடந்தவரையும் கண்ணாடிக்காகப் பட்டினி கிடப்பவரையும் ஒரே தராசில் வைக்கலாமா?’ என்று மற்ற அறிஞர்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. நாம் அதில் தலையிட வேண்டாம்.

ஆனால், ஒரு விஷயம் நிச்சயம். சாப்பிடாத பெண்ணைச் சுற்றி எப்போதுமே ஒரு கூட்டம் கூடும். பாதி பேர் கும்பிடுவார்கள். பாதி பேர் ‘ஏமாற்றுக்காரி’ என்பார்கள். ‘இந்தக் குழந்தைக்கு என்ன கஷ்டம்?’ என்று கேட்கிறவர் மட்டும் அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார்! இதற்குக் கொடூரமான ஓர் உதாரணம் இருக்கிறது.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதி. கார்மார்த்தன்ஷயர் மாவட்டத்தில் ஒரு பண்ணை வீடு. அங்கே சாரா ஜேக்கப் என்று ஒரு சிறுமி. 1867-ல் வலிப்பு வந்து படுத்தாள். அந்த வருடம் அக்டோபருக்குப் பிறகு அவள் எதுவுமே சாப்பிடவில்லை என்றார்கள் பெற்றோர். செய்தி பரவியது. கிராமத்துப் பாதிரியாரே பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அவ்வளவுதான்... ரயில் ஏறிக் கும்பல் கும்பலாக ஜனங்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்! சாராவுக்கு ரிப்பன் கட்டி, அலங்காரம் செய்து, படுக்கையில் வைத்திருப்பார்கள். பார்க்க வந்தவர்கள் காசும் பரிசும் வைத்துவிட்டுப் போனார்கள்.

‘இது நிஜமா, பொய்யா?’ - தெரிந்தே ஆகவேண்டும் என்றது மருத்துவ உலகம். லண்டனின் புகழ்பெற்ற கைஸ் மருத்துவமனையிலிருந்து நான்கு நர்ஸ்கள் வேல்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். 1869, டிசம்பர் 9-ம் தேதி காவல் ஆரம்பித்தது. நர்ஸ்களுக்கு உத்தரவு என்ன தெரியுமா? சிறுமியை இரவும் பகலும் கண்காணிக்க வேண்டும். அவளாகக் கேட்டால் சாப்பாடு கொடுக்கலாம். நீங்களாகக் கொடுக்கக் கூடாது!

சாரா கேட்கவில்லை. எப்படிக் கேட்பாள்? இரண்டு வருடங்களாக ‘சாப்பிடாத அதிசயம்’ என்று ஊரே கொண்டாடிய பெண், ஒரு டம்ளர் பால் கேட்டால் அதோடு எல்லாமே முடிந்துவிடுமே! நாட்கள் ஓடின. அவள் துவண்டுபோவது நர்ஸ்களின் கண்ணெதிரே தெரிந்தது. சுற்றியிருந்தவர்கள் எச்சரித்தும் தகப்பன் காவலை நிறுத்த மறுத்துவிட்டார். டிசம்பர் 17-ம் தேதி, பன்னிரண்டு வயது சாரா இறந்துபோனாள். அதுவரை அவள் எப்படியோ ரகசியமாகக் கொஞ்சம் சாப்பிட்டு வந்திருக்கிறாள். காவல் போட்டதும் அந்த வழியும் அடைபட்டுவிட்டது!

மறு வருடம் வழக்கு நடந்தது. தகப்பனுக்குப் பன்னிரண்டு மாதக் கடுங்காவல். தாய்க்கு ஆறு மாதம். காவலுக்கு ஏற்பாடு செய்த கமிட்டியில் இருந்த டாக்டர்கள்? அவர்கள் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு, விசாரணைக்கே போகாமல் தள்ளுபடியாகிவிட்டது!

சாராவுக்கு இருந்தது இன்றைய அர்த்தத்தில் அனோரெக்ஸியாவா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், அவள் வீட்டுக்குள் டாக்டர்கள், நர்ஸ்கள், பாதிரியார், பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் வந்துபோனார்கள். அவளுக்கு வைத்தியம் பார்க்க யாரும் வரவில்லை. வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள்.

*

சரித்திரத்தில் ஒரு விசித்திரம். நர்ஸ்களை அனுப்பிவைத்த அதே கைஸ் மருத்துவமனையில், அதே வருடங்களில், இன்னொரு டாக்டர் இதே பிரச்னையை முற்றிலும் வேறு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அவர், சர் வில்லியம் கல்.

படகுக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்து, தன் மூளையால் மட்டுமே மேலே வந்தவர். 1871-ல் டைஃபாய்டில் விழுந்து சாவின் விளிம்புக்குப் போன இளவரசருக்கு வைத்தியம் பார்த்து, அவர் பிழைத்தெழுந்ததால், விக்டோரியா மகாராணியிடம் ‘சர்’ பட்டம் வாங்கியவர். (லண்டனைக் கலக்கிய கொலைகாரன் ‘ஜாக் தி ரிப்பர்’ இவர்தான் என்று 1970-களில் ஒரு கதை கிளம்பியது. கொலைகள் நடந்த 1888-ல் கல் எழுபது வயதைத் தாண்டியவர். அதற்கு முந்தின வருடம்தான் பக்கவாதம் வேறு வந்திருந்தது. கதை கட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு தடையா என்ன?!)

1866, ஜனவரி மாதம். லண்டனின் க்ளாப்பம் பகுதியில் வைத்தியம் பார்த்துவந்த கெல்சன் ரைட் என்கிற டாக்டர், பதினேழு வயதுப் பெண் ஒருத்தியைக் கல்லிடம் அனுப்பிவைத்தார். ‘மிஸ் ஏ’ என்று மட்டும் குறிப்பிடுகிறார் கல். எடை 82 பவுண்டு. அதாவது, 37 கிலோ. நுரையீரல், வயிறு, இதயம் எதிலும் நோய் இல்லை. நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 56 தான். ஆச்சரியம் என்னவென்றால், அந்த நிலையிலும் அவளால் சும்மா உட்கார முடியவில்லை. எதையாவது செய்துகொண்டே, சுற்றிக்கொண்டே இருந்தாள். ‘எனக்கென்ன? நான் நல்லாத்தானே இருக்கேன்’ என்கிற மாதிரி!

மருந்துகள் பெரிதாகப் பலன் தரவில்லை. சாப்பாடுதான் மருந்து என்பதைக் கல் புரிந்துகொண்டார். ‘பசிக்கும்போது சாப்பிடட்டும்’ என்று அவள் விருப்பத்துக்கு விட்டால் காரியம் கெட்டுவிடும். குறிப்பிட்ட நேரத்துக்கொரு முறை, கொஞ்சம் கொஞ்சமாக, தவறாமல் ஊட்டவேண்டும். உடம்பைக் கதகதப்பாக வைத்திருக்கவேண்டும். இரண்டு வருடங்களில் மிஸ் ஏ 128 பவுண்டுக்கு வந்துவிட்டாள்! சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று எடுத்த போட்டோக்களைப் பார்த்துச் செதுக்கிய அவள் படங்களைக் கல் தன் கட்டுரையில் வெளியிட்டார். இரண்டும் ஒரே பெண் என்றால் நம்ப முடியாது.

1868-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பேசும்போது இந்த நோயை ஓரிரு வரிகளில் தொட்டுக்காட்டியவர், 1873 அக்டோபரில் லண்டன் டாக்டர்கள் சங்கத்தில் விரிவான கட்டுரையே வாசித்தார். ‘அனோரெக்ஸியா நெர்வோஸா’ என்கிற பெயர் அதில்தான் பிறந்தது. ‘மனசு காரணமாகப் பசியின்மை’ என்று அர்த்தம். உண்மையில் தப்பான பெயர்! ஏனென்றால், இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பசி இருக்கிறது. அதோடு ராப்பகலாகச் சண்டை போடுகிறார்கள்.

அந்தக் கட்டுரையில் பலரும் கவனிக்காமல் போகும் ஒரு விஷயம் உண்டு. மூன்றாவது பெண்ணான ‘மிஸ் சி’யின் கதை அது. பதினைந்து வயது. பீட்டர்ஸ்ஃபீல்ட் என்கிற சின்ன ஊரைச் சேர்ந்த டாக்டர் லீச்மன் மூலமாக வந்தவள். கல் அவளைத் தன் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கவில்லை. என்ன செய்யவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். உள்ளூர் டாக்டர் அதை அப்படியே நிறைவேற்றினார். தேறி வருகிறாள் என்று பிற்பாடு கடிதம் போட்டார். லண்டன் நிபுணர் வழிகாட்ட, உள்ளூர் குடும்ப டாக்டர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள, பெண் பிழைத்தாள்! 1873-லேயே இதற்கு ஒரு வழி இருந்திருக்கிறது பாருங்கள். இதை உலகம் மறுபடி கண்டுபிடிக்க நூறு வருடங்களுக்கு மேல் பிடித்தது.

*

அதே 1873-ல் பாரிஸிலிருந்த லாசெக் என்கிற டாக்டரும், கல்லுக்குச் சில மாதங்கள் முந்தியே, இதே நோயைப் பற்றி எட்டு நோயாளிகளை வைத்து எழுதினார். அவர் நோயாளியை மட்டும் பார்க்கவில்லை. அவளைச் சுற்றியிருந்த குடும்பத்தையும் கவனித்தார். குடும்பத்துக்குத் தெரிந்தது இரண்டே வழிகள் என்றார். ஒன்று, கெஞ்சுவது. இன்னொன்று, மிரட்டுவது. இரண்டுமே பலிப்பதில்லை!

‘எனக்காக ஒரு வாய் சாப்பிடும்மா’ என்று ஆரம்பித்து, ‘சாப்பிட்டாத்தான் ஆச்சு’ என்று தட்டைத் தூக்கி எறிவதில் முடிகிற வீடுகளுக்கு, லாசெக் எழுதியது இன்றைக்கும் பொருந்தும்.

ஆனால், இதிலிருந்து டாக்டர்கள் எடுத்துக்கொண்ட பாடம் கொடுமையானது. குடும்பத்தினர்தான் இருப்பதிலேயே மோசமான நர்ஸ்கள் என்று கல் சொல்லியிருந்தார். பாரிஸின் பிரபல நிபுணர் ஷார்கோ இன்னும் ஒரு படி மேலே போனார். நோயாளியைப் பெற்றோர் கண்ணிலேயே படாமல் பிரித்து வைத்துவிடவேண்டும் என்றார்! அதற்குப் பிறகு பல தலைமுறைகளுக்கு, அம்மா அப்பா இந்த நோயில் குற்றவாளிகளாகவே நடத்தப்பட்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தது. 1914-ல் ஹாம்பர்க் நகரத்து சிம்மண்ட்ஸ் என்கிற நிபுணர், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சிதைந்தால் உடம்பு உருகிவிடும் என்று எழுதினார். உடனே இளைத்துப்போன பெண்களுக்கெல்லாம் ‘சுரப்பிக் கோளாறு’ என்று பட்டம் கட்டி, சுரப்பிச் சாறுகளை ஊசியில் ஏற்றினார்கள். ஏறக்குறைய இருபது வருடங்கள்! பிட்யூட்டரி கெட்டவர்கள் அப்படியொன்றும் எலும்பும் தோலுமாக ஆவதில்லை என்று 1930-களின் கடைசியில் ஷீஹன் என்கிற பிரிட்டிஷ் நிபுணர் காட்டிய பிறகுதான் அந்த மோகம் தணிந்தது.

அடுத்த வெளிச்சம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர் முடியப்போகிற நேரம். பட்டினியில் கிடக்கும் ஐரோப்பாவுக்கு எப்படிச் சோறு போடுவது என்று தெரியவேண்டும். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆன்ஸல் கீஸ் ஒரு பரிசோதனை நடத்தினார். 1944 நவம்பரில் ஆரம்பித்தது. போருக்குப் போக மனசாட்சி இடம் கொடுக்காத 36 இளைஞர்கள், தாங்களாகவே முன்வந்து பட்டினி கிடந்தார்கள். உடம்பும் மனசும் ஆரோக்கியமானவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்! ஆறு மாதங்கள் அரைப் பட்டினி. உடல் எடையில் கால்வாசி போயிற்று.

எடை போனது எதிர்பார்த்ததுதான். மனசுக்கு நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. அவர்கள் நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள். சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள். உணவைத் துண்டு துண்டாக்கி மணிக்கணக்கில் தின்றார்கள். சிடுசிடுப்பு, சோகம், தனிமை! நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். மறுபடி சாப்பாடு கிடைத்ததும் சிலர் நிறுத்தமுடியாமல் தின்றார்கள்.

யோசித்துப் பாருங்கள். ‘பிடிவாதம்’, ‘திமிர்’, ‘நடிப்பு’ என்று ஒரு பெண்ணின் குணத்தில் நாம் போடும் பழிகளில் பாதி, உண்மையில் பட்டினியின் வேலை! மூளையும் உடம்பின் ஓர் உறுப்புதானே? அதற்கும் சோறு போடவில்லை என்றால் அதுவும் தடுமாறும். முதலில் சாப்பாடு, அப்புறம்தான் அறிவுரை என்று கல் யூகித்ததை மினசோட்டா நிரூபித்துவிட்டது.

*

1979-ல் லண்டனில் ஜெரால்ட் ரஸல் என்கிற மனநல மருத்துவர், முப்பது நோயாளிகளை வைத்து இன்னொரு நோய்க்குப் பெயர் சூட்டினார் - ‘புலிமியா நெர்வோஸா’. கட்டுக்கடங்காமல் தின்பது, பிறகு குற்றவுணர்ச்சியில் அதை எப்படியாவது வெளியேற்றுவது. இதைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். எதனால்? இவர்களில் பலர் பார்ப்பதற்குச் சாதாரண எடையில் இருப்பார்கள். பக்கத்தில் படுக்கும் புருஷனுக்குக்கூடத் தெரியாது!

இரண்டு பிரபலங்கள் இந்த நோய்களைத் தலைப்புச் செய்தியாக்கினார்கள். முதலாமவர், அமெரிக்கப் பாடகி கேரன் கார்ப்பென்டர். அண்ணனோடு சேர்ந்து ‘கார்ப்பென்டர்ஸ்’ என்ற பெயரில் எழுபதுகளின் ரேடியோவை ஆண்டவர். 1983, பிப்ரவரி 4-ம் தேதி, பெற்றோர் வீட்டில் மயங்கி விழுந்து இறந்தார். வயது 32. இத்தனைக்கும் அதற்கு முன்பு சிகிச்சை எடுத்து எடை கூடியிருந்தார். பட்டினியிலும் மருந்துகளிலும் அடிவாங்கிய இதயம் தாங்கவில்லை.

இரண்டாமவர், இளவரசி டயானா. 1992-ல் வெளிவந்த அவருடைய வாழ்க்கை வரலாற்றில் அவரது புலிமியா வெளிச்சத்துக்கு வந்தது. 1995-ல் டி.வி. பேட்டியில் தன் வாயாலேயே சொன்னார். பிரிட்டனின் குடும்ப டாக்டர்களின் பதிவேடுகளைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். தொண்ணூறுகளின் மத்தியில் புலிமியா என்று பதிவானவர்களின் எண்ணிக்கை உச்சத்துக்குப் போய், பிறகு இறங்குகிறது! நோய் கூடிக் குறைந்ததா? அல்லது, ‘இளவரசிக்கே வந்திருக்கு... நாமும் டாக்டர்கிட்ட சொல்லலாம்’ என்கிற தைரியம் கூடிக் குறைந்ததா? இரண்டாவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

இங்கேதான் நம் கதையின் நிஜமான கதாநாயகர் மேடைக்கு வருகிறார். அவர், தெருமுனை க்ளினிக்கில் உட்கார்ந்திருக்கும் குடும்ப டாக்டர்!

இந்த நோயாளி நேராக மனநல மருத்துவரிடம் போகமாட்டாள். ‘எனக்குச் சாப்பாட்டில் பிரச்னை’ என்றும் சொல்லமாட்டாள். களைப்பாக இருக்கிறது என்பாள். வயிறு உப்புசம், மலச்சிக்கல், முடி கொட்டுகிறது, குளிர் தாங்கவில்லை, மூன்று மாசமாகத் தலைக்குக் குளிக்கவில்லை என்பாள். பல் எனாமல் தேய்ந்து பல் டாக்டரிடம் போய் நிற்பாள். டாக்டரோ வரிசையில் இருக்கும் நாற்பதாவது நோயாளியாக அவளைப் பார்க்கிறார். ஒரு டானிக், ஒரு அஸிடிட்டி மாத்திரை. அடுத்த ஆள் உள்ளே வரலாம்!

இதை மாற்ற 1999-ல் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் மார்கன் குழுவினர் ஒரு சின்னக் கருவியை வெளியிட்டார்கள். ரத்தம் வேண்டாம், ஸ்கேன் வேண்டாம். ஐந்தே கேள்விகள்! வயிறு நிறைந்த சங்கடத்தில் வாந்தி எடுக்கிறீர்களா? சாப்பாட்டின் மேல் கட்டுப்பாடு போய்விட்டதோ என்று கவலைப்படுகிறீர்களா? மூன்று மாதத்தில் ஒரு ‘ஸ்டோன்’ (ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல்) இளைத்துவிட்டீர்களா? மற்றவர்கள் ஒல்லி என்று சொல்லியும் நீங்கள் குண்டு என்று நம்புகிறீர்களா? சாப்பாடுதான் உங்கள் வாழ்க்கையை ஆள்கிறதா? இரண்டுக்கு ‘ஆமாம்’ வந்தால், டாக்டர் இன்னும் ஆழமாக விசாரிக்க வேண்டும். கேள்விகளின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஸ்காஃப்’ என்று பெயர். ஆங்கிலக் கொச்சையில் அந்த வார்த்தைக்கு ‘அவசரமாக அள்ளித் தின்பது’ என்றே ஒரு அர்த்தம் உண்டு!

ஆஸ்பத்திரி நோயாளிகளிடம் வேலை செய்வது சாதாரண க்ளினிக்கிலும் செய்யுமா? தென்மேற்கு லண்டனில் இரண்டு குடும்ப டாக்டர்களின் க்ளினிக்குகளுக்கு வேறு வேறு காரணங்களுக்காக வந்த 341 பெண்களிடம் சோதித்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் அனோரெக்ஸியா, புலிமியா இருந்த அத்தனை பேரையும் அந்த ஐந்து கேள்விகள் பிடித்துவிட்டன! நோய் இல்லாத சிலரையும் சந்தேகப்பட்டன என்பது உண்மை. ஆனால், தவறவிடுவதைவிடக் கூடுதலாகச் சந்தேகப்படுவது மேல் அல்லவா?

*

‘இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் சமாச்சாரம். நம்ம பக்கம் ஏது?’ என்று கேட்பவர்களுக்கு மூன்று தகவல்கள்.

ஹாங்காங்கைச் சேர்ந்த மனநல மருத்துவர் சிங் லீ, 1993-ல் எழுபது சீன நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் 41 பேருக்கு ‘குண்டாகிவிடுவோம்’ என்கிற பயமே இல்லை! வயிறு உப்புசம், பசி இல்லை என்றுதான் சொன்னார்கள். மேல்நாட்டுப் பாடப்புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் பாதிக்கு மேல் தப்பியிருப்பார்கள்.

ஃபிஜித் தீவில் ஒரு பகுதிக்கு 1995-ல்தான் டி.வி. வந்தது. ஆன் பெக்கர் என்கிற ஹார்வர்டு ஆராய்ச்சியாளர் அங்கிருந்த பள்ளிப் பெண்களை அப்போதும், மூன்று வருடம் கழித்தும் பரிசோதித்தார். எடையைக் குறைப்பதற்காக வாந்தியெடுக்கும் பழக்கம் 1995-ல் ஒருத்தியிடமும் இல்லை. 1998-ல் நூற்றுக்குப் பதினோரு பேரிடம் இருந்தது! அதுவும், வாட்டசாட்டமான உடம்பை அழகு என்று கொண்டாடி வந்த ஊர் அது.

மூன்றாவது, நம்ம சென்னை. 1995-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 210 மருத்துவ மாணவர்களைக் கேள்வி கேட்டார்கள். பாடப்புத்தக இலக்கணத்துக்குள் வராவிட்டாலும், 31 பேர் சாப்பாட்டையும் எடையையும் நினைத்து உள்ளுக்குள் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு நமக்கு வைத்தியம் பார்க்கப்போகிறவர்கள் அவர்கள்!

*

சரி, குடும்ப டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். அடுத்து?

எடை மெஷினை மட்டும் நம்பக்கூடாது என்பது முதல் பாடம். எடை சாதாரணமாக இருக்கும்போதே, ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயம் நின்றுபோகலாம். நாடி, ரத்த அழுத்தம், உடல் வெப்பம், ஈ.ஸி.ஜி. எல்லாம் பார்க்கவேண்டும். கையை ஊன்றாமல் தரையில் குத்தவைத்து எழுந்திருக்கச் சொல்வது ஒரு எளிய சோதனை. முடியவில்லை என்றால், தசைகள் கரைய ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம். அதேசமயம், ரத்தப் பரிசோதனை ‘நார்மல்’ என்று வந்தால் ஆபத்து இல்லை என்றும் அர்த்தமில்லை. உடம்பு கடைசி நிமிஷம் வரை சமாளித்துக் காட்டும்!

இரண்டாவது பாடம், ரொம்ப நாள் பட்டினி கிடந்தவருக்கு வீட்டிலேயே ஒரேயடியாக விருந்து வைக்கக்கூடாது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியச் சிறை முகாம்களிலிருந்து விடுதலையான கைதிகளில் சிலர், வயிறாரச் சாப்பிட ஆரம்பித்த பிறகு இறந்துபோனார்கள். திடீர் உணவால் ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சரிந்துவிடும். எனவே, டாக்டர் கண்காணிப்பில்தான் படிப்படியாக ஏற்றவேண்டும்.

மூன்றாவதுதான் மிகப் பெரிய பாடம். நூறு வருடங்களாகக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டிருந்த பெற்றோருக்கு 1987-ல் விடுதலை கிடைத்தது! புலிமியாவுக்குப் பெயர் வைத்த அதே ரஸல், லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் எண்பது நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். நோய் வந்து மூன்று வருடம் ஆகாத, சின்ன வயதுப் பெண்களுக்கு, குடும்பத்தையே சிகிச்சையில் சேர்த்துக்கொள்வது நல்ல பலன் தந்தது. பெற்றோரைத் துரத்தவேண்டாம். அவர்களுக்குக் கெஞ்சாமலும் மிரட்டாமலும் சோறு போடக் கற்றுக்கொடுத்தால் போதும்! பிரிட்டனின் 2017-ம் வருட அரசு மருத்துவ வழிகாட்டியும் சிறுவயதினருக்கு முதலில் இதைத்தான் சிபாரிசு செய்கிறது. எடையை மட்டுமே அளவுகோலாக வைத்து ‘உனக்குச் சிகிச்சை தேவையில்லை’ என்று யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்றும் அது சொல்கிறது.

வழிகாட்டிகள் அச்சாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அதே பிரிட்டனில், அதே 2017-ல் நாடாளுமன்றத்தின் குறைதீர்ப்பு அதிகாரி ஓர் அறிக்கை வெளியிட்டார். ஆஸ்பத்திரியில் அனோரெக்ஸியாவுக்குச் சிகிச்சை பெற்று, ஓரளவு தேறி, உற்சாகமாகப் பல்கலைக்கழகம் போன பத்தொன்பது வயது மாணவி 2012 டிசம்பரில் இறந்துபோனாள். ஒழுங்கான கவனிப்பு இருந்திருந்தால் இந்தச் சாவைத் தவிர்த்திருக்கலாம் என்றது அறிக்கை. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறும்போது, யார் அவளைத் தொடர்ந்து கவனிப்பது என்கிற கேள்வியில் எல்லோருமே கோட்டை விட்டிருந்தார்கள். வளரும் டாக்டர்களுக்கு இந்த நோய்கள் பற்றிக் கிடைக்கும் பயிற்சி, பல வருடப் படிப்பில் சில மணி நேரம்தான் என்பதும் அதில் வெளிவந்தது!

விளையாட்டான விஷயம் இல்லை இது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளியான கணக்குப்படி, அனோரெக்ஸியா உள்ளவர்கள் இறக்கும் வாய்ப்பு, அதே வயதுள்ள மற்றவர்களைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு அதிகம். அப்படி இறப்பவர்களில் ஐந்தில் ஒருவர் தற்கொலை செய்துகொள்கிறார்.

ஆனால், இன்னொரு கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள், அனோரெக்ஸியா, புலிமியா இருந்த பெண்களைச் சுமார் 22 வருடங்கள் விடாமல் பின்தொடர்ந்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்பதாவது வருடத்தில், அனோரெக்ஸியா இருந்தவர்களில் மூன்றில் ஒருவர்கூட முழுசாகக் குணமாகவில்லை. ‘அவ்வளவுதான், இனி தேறாது’ என்று எல்லோரும் கைவிடுகிற கட்டம் அது. 22-வது வருடத்தில்? நூற்றுக்கு 63 பேர் குணமாகியிருந்தார்கள்! வருடங்கள் ஆகலாம். ஆனால் கதவு மூடிவிடுவதில்லை.

அதுவரைக்கும் யாராவது ஒருவர் கூடவே வரவேண்டும், அவ்வளவுதான். மாதம் ஒரு முறை வரச்சொல்லி, நாடி பிடித்துப் பார்த்து, எடையைக் குறித்துக்கொண்டு, திட்டாமல் பேசி அனுப்பும் ஒரு டாக்டர். மேஜையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தானும் சாப்பிடும் ஓர் அம்மா அல்லது அப்பா. பீட்டர்ஸ்ஃபீல்ட் டாக்டர் லீச்மன் செய்ததும் கிட்டத்தட்ட இதைத்தான்.

வேல்ஸ் பண்ணை வீட்டில் அந்த நான்கு நர்ஸ்களும் எட்டு நாட்கள் கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். ‘கண்ணு, கொஞ்சம் பால் குடிக்கிறியா?’ என்று கேட்பதற்கு மட்டும் அவர்களுக்கு உத்தரவு இல்லை. இன்றைக்கு நம் வீட்டிலோ, க்ளினிக்கிலோ அந்தக் கேள்வியைக் கேட்க யாருடைய உத்தரவும் தேவையில்லை!